பால்பண்ணை சந்திப்பில் நாலு ரோடு... வரும் வருடம் என்ன படிக்கலாம்?

திருச்சியில் யாரிடமாவது அரியமங்கலம் என்று சொன்னால், "குப்பைமேடு இருக்கே, அந்த ஏரியாவா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சுமார் 47 ஏக்கரில் பரந்து கிடந்த மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு, அந்தப் பெயரை ஊரின் முதுகில் ஒட்டிவிட்டது. கோடை வந்தால் தீ, தீ வந்தால் புகை, புகை வந்தால் ஜன்னலைச் சாத்து என்று பல வருடம் ஓடியது. பிறகு பயோமைனிங் முறையில் பழைய குப்பையைக் கிளறித் தரம் பிரித்து அகற்றும் வேலை தொடங்கியது. மேடு குறைந்தாலும் பெயர் குறையவில்லை.

ஆனால் அரியமங்கலத்துக்கு இன்னொரு முகம் உண்டு. தஞ்சாவூர் சாலையும் சென்னை-மதுரை பைபாஸும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் பால்பண்ணை சந்திப்பு இந்த ஊரின் வாசலில்தான் இருக்கிறது. கிழக்கே போனால் தஞ்சாவூர். தெற்கே மதுரை. வடக்கே காவிரியைத் தாண்டினால் திருவானைக்காவல், ஸ்ரீரங்கம். மேற்கே காந்தி மார்க்கெட் வழியாக மலைக்கோட்டை. லாரியும் பஸ்ஸும் ஹாரனுமாக இருக்கும் அந்த இடத்தில் நின்று புத்தகத்தைப் பற்றி யாரும் யோசிக்க மாட்டார்கள். யோசித்தால், தமிழில் படிக்கத் தகுந்த பலவும் அந்த நாலு ரோட்டின் ஓரத்திலேயே இருப்பது தெரியும்.

டிசம்பர் கடைசி வாரம் ஆனால் போதும், செல்போனில் பட்டியல்கள் வர ஆரம்பிக்கும். 'வரும் ஆண்டில் கட்டாயம் படிக்க வேண்டிய 100 நூல்கள்.' அனுப்பியவர் அதில் எத்தனை படித்தார் என்று யாரும் கேட்பதில்லை. வேலை, சமையல், பிள்ளைகளின் டியூஷன், சனிக்கிழமை கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து என்று ஓடுகிற வீட்டுக்கு நூறு புத்தகம் என்பது பயமுறுத்தல். ஓரளவு தடிமனான நாவல் ஒன்றே முந்நூறு, நானூறு ரூபாய் விற்கிற காலத்தில் வாங்கிப் படிக்காமல் அலமாரியில் வைப்பதும் வயிற்றெரிச்சல்தான். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று ஆறு புத்தகம் முழுசாகப் படித்து முடிக்கிற குடும்பம், உண்மையிலேயே படிக்கிற குடும்பம்.

அந்த ஆறை எப்படித் தேர்ந்தெடுப்பது? பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, பால்பண்ணையில் நின்று ஒவ்வொரு ரோடாகப் பார்க்கலாம்.

முதலில் தெற்கு. மதுரை பஸ் போகும் அந்த வழியில்தான் திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சி இருக்கிறது. கவிஞர் சல்மாவின் ஊர். பள்ளிப் படிப்பு பாதியிலேயே நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிவந்த பெண் அவர். புத்தகம்தான் துணை. யாருக்கும் தெரியாமல் எழுதியதை 'சல்மா' என்ற புனைபெயரில் அச்சுக்கு அனுப்பினார். 2001-ல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவரானார். 2004-ல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் வந்தது. 2025-ல் மாநிலங்களவைக்குப் போனார். நாவலில் ஆண்கள் வெளியே போன பிறகு வீட்டுக்குள் பெண்கள் பேசுவது, சிரிப்பது, பொறாமைப்படுவது, அழுவது எல்லாம் இருக்கிறது. தஞ்சாவூர் சாலையின் இருபுறத் தெருக்களிலும் அப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ. அம்மாவும் கல்லூரிக்குப் போகும் மகளும் ஒருவர் பின் ஒருவராகப் படித்துவிட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் பேச ஆரம்பிக்கிற மாதிரியான புத்தகம் இது. ஆறில் ஒன்று இதுவாக இருக்கலாம்.

கிழக்கே அதிகம் நிற்க வேண்டியதில்லை. அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' இன்றும் தஞ்சாவூர் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் வாசிக்கப்படுகிறது. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை என்பதால் செல்போனிலேயே இலவசமாகக் கிடைக்கும். அந்தக் கல்கி, திருச்சி தேசிய உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர். 1921-ல் காந்தியின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டுத் தேர்வுக்கு முன்பே படிப்பை விட்டவர். தஞ்சாவூரையும் தாண்டிக் கும்பகோணம் போனால் தி.ஜானகிராமனின் 'மோகமுள்'. இவற்றைப் படிக்காதவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே படித்தவர்கள் கிழக்கு ரோட்டை இந்த வருடம் விட்டுவிட்டாலும் தவறில்லை.

விடக் கூடாத ஒரு செய்தி மட்டும் அந்தப் பக்கம் இருக்கிறது. மன்னார்குடிக்கு அருகே மேலவாசல் கிராமத்தில் 1931-ல் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகும் நூலகம் ஒன்றைத் தொடங்கினார் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர். தொடங்கிவைத்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சீர்காழியில் பிறந்து, இந்திய நூலகத் துறைக்கே தந்தை என்று பெயர் வாங்கியவர். அதே 1931-ல் வெளிவந்த அவருடைய நூலில்தான் நூலகத்துக்கான ஐந்து விதிகள் இருக்கின்றன. அதில் இரண்டு இந்தக் கட்டுரைக்கு வேண்டியவை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் ஒன்று உண்டு; ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் ஒருவர் உண்டு. நூறு புத்தகப் பட்டியல் போடுகிறவர்கள் இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

இனி மேற்கு. அரியமங்கலத்துக்காரர்களுக்கு 'டவுனுக்குப் போறது' என்றால் இந்தப் பக்கம்தான். காந்தி மார்க்கெட் நெரிசலில் கொஞ்ச நேரம் நின்று, வெங்காய மூட்டைக்கும் வாழைத்தாருக்கும் நடுவில் ஊர்ந்து, மெயின்கார்டு கேட் வழியாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழி. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. எனவே நூலகத்துக்குப் போகச் செலவு என்று எதுவும் இல்லை.

மாவட்ட மைய நூலகம் சிங்காரத்தோப்புப் பக்கம், மேலப்புலிவார்டு சாலையில் இருக்கிறது. துணி எடுக்கப் போகிறவர்கள் பையோடு அதைக் கடந்து போவார்கள். உள்ளே போனவர்களுக்குத் தெரியும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். குரூப் தேர்வு, வங்கித் தேர்வு, ரயில்வே தேர்வு. ஒரு வேலைக்காக வருடக்கணக்கில் படிக்கிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கதைப் புத்தக அலமாரிக்கு நடுவே சற்று ஆள் நடமாட்டம் குறைவு என்பதால் நிதானமாகத் தேடலாம்.

நூலகம் அரசாங்கம் தரும் தர்மம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவில் இந்த வகையில் முதல் சட்டம். அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. இப்போது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. அரியமங்கலத்தில் ஓட்டு வீடு வைத்திருப்பவரும் கட்டுகிறார், மாடி வீடு வைத்திருப்பவரும் கட்டுகிறார். வாடகைக்கு இருப்பவர் வாடகை வழியே கட்டுகிறார். புத்தகத்துக்குப் பணம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. எடுத்து வருவதுதான் பாக்கி. முகவரிச் சான்று, சின்னதாக ஒரு காப்புத் தொகை, அவ்வளவுதான் உறுப்பினராக. டி.வி.எஸ். டோல்கேட் பகுதியில் காமராஜர் பெயரில் பெரிய நூலகம் ஒன்றை அரசு அறிவித்திருக்கிறது. அரியமங்கலத்துக்கு அது இன்னும் கிட்டம்.

நூலகத்தில் இல்லாதது புத்தம் புதிய புத்தகங்கள்தான். அச்சானது நூலக அலமாரிக்கு வந்துசேர நாளாகும். சென்னைப் புத்தகக் காட்சி 1977-ல் தொடங்கியது, ஜனவரியில் நடக்கும். பதிப்பகங்கள் தங்கள் புதிய நூல்களையெல்லாம் அதற்கென்றே டிசம்பரிலும் ஜனவரியிலும் அவசர அவசரமாகக் கொண்டுவரும். அந்த ஒரு மாதம் எல்லாப் புத்தகமும் முக்கியமான புத்தகம்தான். எழுதியவரின் நண்பர்கள் அப்படித்தான் சொல்வார்கள்! திருச்சியில் மாவட்ட நிர்வாகம் முன்னின்று நடத்தும் புத்தகத் திருவிழா 2022 செப்டம்பரில் செயின்ட் ஜான்ஸ் வெஸ்ட்ரி பள்ளி மைதானத்தில் தொடங்கியது. ஜனவரியில் பளபளத்தது செப்டம்பரில் என்ன ஆனது என்று பார்த்து வாங்குகிற வசதி சென்னைக்காரருக்குக் கிடையாது. புழுதி அடங்கியிருக்கும், நாலு பேர் படித்துக் கருத்துச் சொல்லியிருப்பார்கள், வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. எனவே ஆறு புத்தகத்தையும் ஜனவரி ஒன்றாம் தேதியே முடிவு செய்ய வேண்டாம். இரண்டு இடத்தைத் திருவிழாவுக்கென்று காலியாக வைத்திருப்பது நல்லது.

அங்கே போய் எப்படி எடுப்பது? அட்டையைப் பார்த்து அல்ல. பின்னட்டை வாசகத்தைப் பார்த்தும் அல்ல. நடுவில் எங்காவது புரட்டி, நின்றபடியே மூன்று பக்கம் படிக்க வேண்டும். கூட்டத்தில் யாராவது இடித்தது தெரியாமல் படிக்க முடிந்தால் அந்தப் புத்தகம் வீட்டுக்கு வரலாம். பிள்ளைகளுக்கு அவர்களே எடுக்கட்டும். "இது உனக்கு எதுக்கு, ஜி.கே. புக் எடு" என்று சொல்கிற அப்பாக்கள் ஒவ்வொரு ஸ்டாலிலும் இருக்கிறார்கள். பிள்ளை கேட்டது பேய்க்கதையாக இருந்தாலும் கொடுத்துவிடலாம். பேய்க்கதையில் தொடங்கி எங்கெங்கோ போனவர்கள் நிறையப் பேர்.

சாகித்ய அகாடமி விருதுப் பட்டியலும் உதவும். பெரும்பாலும் டிசம்பரில் அறிவிப்பார்கள். கடந்த சில வருடத் தமிழ் நூல்களில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மண். 2019-ல் சோ.தர்மனின் 'சூல்'. எட்டயபுரம் பக்கத்துக் கண்மாய் ஒன்று வாழ்ந்ததும் கெட்டதும் அதில் இருக்கிறது. 2022-ல் மு.ராஜேந்திரனின் 'காலா பாணி', சிவகங்கையிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டவர்களின் கதை. 2023-ல் தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்', கொங்கு மண்ணில் குடிநாவிதர் ஒருவரைச் சுற்றிய நாவல். வீட்டில் விவசாயம் தெரிந்த தாத்தா இருந்தால் 'சூல்' எடுக்கலாம். கண்ணாடி போட்டும் எழுத்து தெரியவில்லை என்று அவர் சொன்னால் பேரன் படித்துக் காட்டலாம்.

2020-ல் விருது பெற்றது இமையத்தின் 'செல்லாத பணம்'. தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும் மகள், வாசலில் காத்திருக்கும் குடும்பம். லேசான மனது உள்ளவர்கள் இரவில் எடுக்க வேண்டாம். இமையத்துக்கும் திருச்சிக்கும் உள்ள தொடர்பு சுவையானது. கடலூர் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து திருச்சி தந்தை பெரியார் கல்லூரிக்குப் படிக்க வந்தவர் அவர். இங்கேதான் ஆங்கிலப் பேராசிரியர் எஸ்.ஆல்பர்ட்டின் பழக்கம் கிடைத்தது. இளைஞர்களைக் கூட்டி உட்காரவைத்து இலக்கியம் பேசியவர், கையில் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னவர் ஆல்பர்ட். 1994-ல் 'கோவேறு கழுதைகள்' வந்தது. தனக்கு இலக்கிய வாசலைத் திறந்தவர் ஆல்பர்ட் என்பதை இமையம் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஒரு நல்ல புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க எல்லாவற்றையும்விட உதவுவது, நம்மை அறிந்த ஒரு ஆள். அரியமங்கலத்திலும் அப்படி ஒரு தமிழாசிரியரோ, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரோ, சைக்கிளில் நூலகம் போய்வரும் அண்ணனோ தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். "அண்ணே, எனக்கு ஏத்த மாதிரி ஒண்ணு சொல்லுங்களேன்" என்று கேட்க வேண்டும். கேட்டால் அவர்கள் ஒன்று சொல்ல மாட்டார்கள், பத்து சொல்வார்கள். அதில் முதலில் சொன்னதை எடுத்துக்கொள்ளலாம்.

கேட்டுப் பெறுவதில் திருச்சிக்கு ஒரு பழைய முன்னுதாரணமே உண்டு. உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) இளமையில் இந்த ஊரில் படித்தவர். அவருக்குத் 'தண்டியலங்காரம்' படிக்க வேண்டும். சுவடி கிடைக்கவில்லை. அது ஒரு பரதேசியிடம் இருந்தது. அந்தப் பரதேசி வீடு வீடாகப் பிச்சைக்குப் போகும்போது கூடவே நடந்து, அவர் மனம் கோணாமல் நடந்துகொண்டு, பாடம் கேட்டுக்கொண்டாராம். உ.வே.சா. எழுதிய ஆசிரியர் சரித்திரத்தில் இது இருக்கிறது. ஒரு புத்தகத்துக்காகப் பிச்சைக்காரர் பின்னால் போன தெருக்களில் இன்று செல்போனைத் தட்டினால் அதே நூல் வந்து நிற்கிறது. இரண்டு பாகமாக வந்த அந்த வாழ்க்கை வரலாற்றைப் பழந்தமிழ் ஆர்வம் உள்ளவர்கள் ஆறில் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் மிரள வேண்டாம், உ.வே.சா.வின் உரைநடை பாயசம் மாதிரி இறங்கும்.

மெயின்கார்டு கேட்டைக் கடக்கும்போது செயின்ட் ஜோசப் கல்லூரியின் தேவாலயக் கோபுரம் தெரியும். 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் இங்கே வந்த கல்லூரி. அப்துல் கலாம் படித்தது இங்கேதான். இயற்பியல் படிக்க வந்தவர், இறுதியாண்டில் டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி என்று கதைகளில் ஆழ்ந்ததை 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்கிறார். 'படிக்கிற பிள்ளைக்குக் கதைப் புத்தகம் எதற்கு' என்று கேட்கும் பெற்றோருக்கு அந்த ஒரு பக்கத்தைக் காட்டலாம். அரியமங்கலத்தில் சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும்.

அதே கல்லூரியில் படித்த இன்னொருவர் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன். ஊர் உலகத்துக்குச் சுஜாதா. அவரோடு வடக்கு ரோட்டுக்குப் போய்விடலாம். பைபாஸில் காவிரிப் பாலம் தாண்டி, திருவானைக்காவல் பக்கம் திரும்பினால் ஸ்ரீரங்கம். பாட்டி வீட்டில் வளர்ந்த சுஜாதா, அந்தத் தெருக்களையும் மனிதர்களையும் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' கதைகளில் பிடித்துவைத்தார். பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே நேரத்தில் சிரிக்கிற எழுத்து தமிழில் அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. வீட்டில் யாருக்குமே படிக்கும் பழக்கம் இல்லை என்றால், ஆறு புத்தகத்தில் முதலாவதாக இதை வைக்கலாம். படித்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்திரை வீதியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம், பஸ் செலவுதான்.

'திருவரங்கன் உலா'வும் இங்கேயே. ஸ்ரீவேணுகோபாலன் எழுதியது. 14-ம் நூற்றாண்டுப் படையெடுப்பின்போது நம்பெருமாள் திருமேனியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்களின் கதை. புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் விறுவிறுப்பான தொடர்கதைகளை எழுதியவரும் இவரேதான் என்றால் புதிதாகக் கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

கோயிலுக்குள் போனால் தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபம். கம்பர் தன் ராமாயணத்தை அரங்கேற்றியது அங்கேதான் என்பது மரபு. திருச்சியின் மிகப் பழைய புத்தக வெளியீட்டு விழா! மேட்டழகிய சிங்கர் தலையசைத்துப் பாராட்டினார் என்றும் சொல்வார்கள். அதற்கு மேல் ஒரு மதிப்புரை தேவையா?

மார்கழியில், சரியாக உலகமெல்லாம் புது வருடப் பட்டியல் போடும் நேரத்தில், ஸ்ரீரங்கத்தில் நடப்பது வேறு. பகல்பத்து, இராப்பத்து என்று வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாட்களில் அரையர்கள் நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைப் பாடி, அபிநயித்துக் காட்டுகிறார்கள். போன வருடமும் இதே பாசுரங்கள்தான். நூறு வருடத்துக்கு முன்பும் இவைதான். கேட்க வருகிறவர்களில் பலருக்கு மனப்பாடம். ஆனாலும் வருகிறார்கள். புதிய புத்தகம், புதிய புத்தகம் என்று ஓடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆறில் ஒன்று, ஏற்கெனவே படித்த புத்தகமாக இருக்கட்டும். இருபது வயதில் படித்ததை நாற்பதில் படித்தால் வேறு பாத்திரத்தின் பக்கம் நிற்போம்.

நாலு ரோடும் பார்த்தாகிவிட்டது. அரியமங்கலம்?

திருச்சியின் மற்றப் பகுதிகளுக்கெல்லாம் கதைகள் இருக்க, ஊர்க் குப்பையையெல்லாம் வாங்கிக்கொண்ட பகுதிக்கு மட்டும் அலமாரியில் கை நீட்டினால் சட்டென்று எதுவும் அகப்படுவதில்லை. அதற்கு மிக அருகில் வருவது ஒரு மலையாள நாவல். தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்'. தமிழில் தந்தவர் சுந்தர ராமசாமி. ஆலப்புழை நகரத்தின் கழிவை அள்ளும் மூன்று தலைமுறை. தன் மகனாவது இந்த வேலைக்கு வரக் கூடாது என்று துடிக்கும் தகப்பன். சிறிய புத்தகம், இரண்டு நாளில் முடியும். அதிகாலையில் தள்ளுவண்டியோடு தெருவில் வரும் தூய்மைப் பணியாளரை அதன் பிறகு பார்க்கும் பார்வை மாறும். இந்தப் பகுதிப் பிள்ளைகள் படிக்க வேண்டியது. குப்பையை மட்டும் இங்கே அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்த நகரத்தின் மற்றப் பகுதிக்காரர்கள் அவர்களுக்கு முன்பே படிக்க வேண்டியது.

புகைக்கு ஜன்னலைச் சாத்திய வீடுகளுக்குள் நடந்தவை, மேட்டில் பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கிப் பிழைத்தவர்கள், அரியமங்கலம் என்று முகவரி சொல்லக் கூச்சப்பட்டு 'தஞ்சாவூர் ரோடு' என்று சொல்லிச் சமாளித்தவர்கள் — இவர்களின் புத்தகம் வர வேண்டியிருக்கிறது. எழுதப்போகிறவர் இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கலாம்.

ஜனவரி நடுவில் போகி வரும். வீட்டை ஒழிக்கும்போது பரணிலிருந்து பழைய புத்தகக் கட்டு இறங்கும். கட்டோடு எடைக்கடைக்குப் போகும். கிலோவுக்கு இத்தனை என்று தராசில் ஏறும் அந்தக் கட்டுக்குள் சில நேரம் அட்டை கிழிந்த ஜெயகாந்தனும், பைண்டு செய்த பழைய தொடர்கதையும், தாத்தா கையெழுத்திட்ட ஏதோ ஒன்றும் இருக்கும். கடைக்காரரிடம் கேட்டால் எடை விலைக்கே பிரித்துத் தருவார். கட்டை அவிழ்த்துப் பார்க்கக் கால் மணி நேரம் ஆகும். ஆறாவது புத்தகம் அதிலேயே கிடைத்தாலும் கிடைக்கலாம்.